பந்து வருவதற்குள் பார்க்கப் பழக்குவது எப்படி: சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரத் தொடங்குபவர்களுக்கு

தெரு மைதானத்தில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு புதிதாகப் பயிற்சி தர இறங்கியிருக்கிறீர்களா, அல்லது உங்கள் மகனையோ மகளையோ நீங்களே பழக்கலாம் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். வட சென்னையில் ஒரு மண் மைதானத்தில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு வருடமாகக் காலையில் பயிற்சி தருகிறேன். முதல் இரண்டு வருடம் 'ரியாக்‌ஷன் டிரெயினிங்' என்ற பெயரில் நான் செய்ததில் பெரும்பகுதி வீண். தரையில் விரித்த கயிற்று ஏணியில் கால் மாற்றிக் குதிப்பது, விசில் அடித்ததும் ஓடுவது, கோனைச் சுற்றி வருவது என்று எல்லாவற்றிலும் பிள்ளைகள் வேகமானார்கள். மேட்சில் மட்டும் பந்து காலுக்கு வந்ததும் ஒரு நொடி திகைத்து நின்றார்கள், அந்த ஒரு நொடிக்குள் எதிராளி வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான்.

காலில் வேகம் குறைவு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது இல்லை. பந்து வருவதற்கு முன்னால் அவர்கள் சுற்றிலும் பார்க்கவே இல்லை. பந்து காலில் பட்ட பிறகுதான் தலை நிமிர்ந்தது. எங்கே இடம் இருக்கிறது, யார் நெருங்குகிறான் என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தார்கள். இது புரிந்த பிறகு பயிற்சியையே மாற்றினேன். எதை எந்த வரிசையில் செய்வது, எவ்வளவு செலவாகும், எங்கே ஏமாறுவீர்கள் என்பதெல்லாம் கீழே.

1. எல்லாவற்றுக்கும் முன் கண்ணைப் பரிசோதியுங்கள்

இதை முதல் படியாக வைத்திருப்பதற்குக் காரணம் ஒரு பையன். பத்து வயது, ஓட்டத்தில் அந்தக் குழுவிலேயே முதல் ஆள். ஆனால் நீளமான பாஸ் வந்தால் எப்போதும் தாமதமாகத்தான் நகர்வான். கவனம் இல்லை என்று பல மாதம் அவனைத் திட்டியிருக்கிறேன். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, "அண்ணா, பந்து பக்கத்துல வந்தப்புறம்தான் தெரியுது" என்றான். கிட்டப்பார்வை. வீட்டிலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்து சமாளித்திருக்கிறான். கண்ணாடி போட்ட இரண்டாவது வாரமே அவன் வேறு ஆட்டக்காரன். அவனைத் திட்டிய மாதங்களை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் மாதத்திலேயே கண் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே பார்ப்பார்கள். சென்னை என்றால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதால் அரை நாள் போய்விடும். மருந்து விட்ட அன்று வெளிச்சம் கூசும், அன்றைக்குப் பயிற்சி வேண்டாம்.

கண்ணாடி தேவைப்பட்டால் சாதாரணக் கண்ணாடியோடு ஆட விடாதீர்கள். பட்டை வைத்துத் தலையில் கட்டும் விளையாட்டுக் கண்ணாடியில் பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுக் கேளுங்கள், அது எளிதில் உடையாது. எங்கள் பிள்ளைகளுக்கு 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய் வரை ஆனது. இன்னொன்று, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத பிள்ளைகள் ஆண்களில் கொஞ்சம் பேர் உண்டு. அதனால் அணி பிரிக்கச் சட்டைமேல் போடும் பிப்களில் சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே வைக்காதீர்கள். நீலமும் மஞ்சளும் வாங்கினால் இந்தப் பிரச்சினையே வராது.

2. காகிதங்களும் சாமான்களும்

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் கட்டாயம். அதில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அவசரத்துக்கு இரண்டு போன் எண், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை போன்றவை இருக்கின்றனவா என்ற விவரம், பயிற்சிக்காக வீடியோ எடுக்கச் சம்மதம், இவ்வளவும் இருக்க வேண்டும். வீடியோ சம்மதத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால் அடுத்த படியில் வீடியோ இல்லாமல் வேலை நடக்காது. எடுத்த வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, பார்த்து எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்கள். மைதானம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் நாள், நேரம் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. எனக்கு அந்தக் கடிதம் கைக்கு வர மூன்று வாரம் ஆனது, அதைக் கணக்கில் வைத்துத் தொடங்கும் தேதியை முடிவு செய்யுங்கள்.

பத்துப் பேருக்கு எங்களுக்கு ஆன செலவு: தட்டையான சாசர் கோன் 40க்கு 400 ரூபாய், இரண்டு நிறத்தில் 12 பிப் 1,000, நான்காம் அளவு பந்து ஆறு 3,600, போனை நிறுத்த ஒரு டிரைபாட் 500, முதலுதவிப் பெட்டி 500. ஆக மொத்தம் 6,000 ரூபாய். 8 முதல் 12 வயதுக்கு நான்காம் அளவுதான் சரி. ஐந்தாம் அளவு பந்து பெரியது, கனமும் அதிகம். அதை அடக்குவதிலேயே பிள்ளையின் முழுக் கவனமும் போய்விடும், தலை நிமிரவே நிமிராது.

வாங்கக் கூடாதது ஒன்று உண்டு. தொட்டால் அணைகிற விளக்குத் தட்டுகள். பெற்றோரிடம் வசூலித்து 18,000 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன். மூன்றே வாரத்தில் பிள்ளைகள் விளக்கை அணைப்பதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள், மேட்சில் எந்த மாற்றமும் இல்லை. மேட்சில் விளக்கு எரியாது. அங்கே சைகை கொடுப்பது எதிராளியின் இடுப்பும், ஊன்றிய காலும், தள்ளி நிற்கும் நண்பனும்தான். எதைப் பார்த்து முடிவெடுக்கப் பழக்குகிறோமோ அதில்தான் பிள்ளை தேறும்.

3. முதல் இரண்டு வாரம் எண்ணுவது மட்டும்

எதையும் மாற்றாமல் வழக்கம்போல ஆட விட்டு, போனில் எடுங்கள். சுவர் மேலோ படிக்கட்டிலோ கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். ஒரு பிள்ளைக்குப் பந்து கிடைக்கும் தருணத்தை நிறுத்தி, அதற்கு முந்தைய 10 நொடிக்குப் பின்னால் போய், எத்தனை தடவை பந்தை விட்டுவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பினான் என்று எண்ணுங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து தருணம் போதும், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு மேல் பூஜ்யம். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களை இதே மாதிரி எண்ணியிருக்கிறார். அதில் முதலில் வந்த ஃபிராங்க் லாம்பார்ட் பந்து வருமுன் நொடிக்கு 0.6 தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார், அதாவது 10 நொடியில் ஆறு தடவை. பிள்ளைகளிடம் ஆறு எதிர்பார்க்காதீர்கள். பூஜ்யம் இரண்டானாலே ஆட்டம் மாறிவிடும்.

கூடவே ஒரு ஸ்கேல் சோதனை. 30 சென்டிமீட்டர் பள்ளி ஸ்கேலை நீங்கள் மேலே பிடித்துக்கொள்ளுங்கள், பிள்ளை பூஜ்யம் இருக்கும் முனையில் விரல்களை விரித்து வைக்கட்டும், சொல்லாமல் விடுங்கள், பிடிக்கட்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறத்தாழ 0.2 நொடி, 30 என்றால் ஏறத்தாழ 0.25 நொடி. பத்துப் பேருக்கும் எடுத்துப் பாருங்கள், ஓர் ஆளுக்கும் இன்னோர் ஆளுக்கும் வித்தியாசம் நொடியில் சின்னப் பங்குதான். பயிற்சியால் அது பெரிதாகக் குறையவும் செய்யாது, வயது ஏற ஏறத் தானாகக் கொஞ்சம் குறையும். மேட்சில் வீணாகும் முழு நொடி அங்கே இல்லை, என்ன செய்வது என்று முடிவெடுப்பதில் இருக்கிறது. பெற்றோர் வந்து "எங்க பையனுக்கு ரிஃப்ளெக்ஸ் கம்மி சார்" என்று சொல்லும்போது இந்த ஸ்கேலைக் காட்டுங்கள்.

4. கல்லா மண்ணாவில் தொடங்குங்கள்

வார்ம்-அப்புக்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம். கல்லா மண்ணா போதும். மைதானத்தில் கோன் வைத்து நான்கைந்து 'கல்' இடங்கள், மீதி எல்லாம் 'மண்'. எல்லோர் காலிலும் ஒரு பந்து, பந்து குறைவென்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பவன் "கல்லா மண்ணா?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதற்கு ஏற்ப விரட்டுவான். பிள்ளை ஒரே நேரத்தில் பந்தைக் காலில் வைத்திருக்க வேண்டும், பிடிப்பவன் எங்கே என்று பார்க்க வேண்டும், காலியான இடம் எது என்று தேட வேண்டும். நாம் தேடுகிற எல்லாமே இதில் இருக்கிறது. 'லாக் அண்ட் கீ'யும் இப்படியே பந்தோடு ஆடலாம். பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், சலிக்கும் முன்பே நிறுத்துங்கள்.

5. எப்போது தலையைத் திருப்புவது

இந்தப் படியைத்தான் நிறையப் பேர் தவறாகச் செய்கிறார்கள், நானும் செய்தேன். "பார், பார், திரும்பிப் பார்" என்று கத்தினால் பிள்ளை தலையை ஆட்டுவான், அவ்வளவுதான். பொம்மை மாதிரி இடமும் வலமும் ஆட்டுவான், எதுவும் கண்ணில் பதியாது. இன்னும் மோசம், பார்க்கக் கூடாத நேரத்தில் பார்த்து, வருகிற பந்தைத் தவறவிடுவான்.

நேரம்தான் இதில் சூட்சுமம். ஒருவன் பந்தை உதைத்த பிறகு அது இன்னொருவன் காலுக்குப் போய்ச் சேரும் வரை அதன் போக்கு மாறாது. அந்த ஒரு நொடிதான் தலையைத் திருப்பக் கிடைக்கும் நேரம். அந்த இன்னொருவன் பந்தைத் தொடும் கணத்தில் கண் மறுபடி பந்துக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் பந்து அடுத்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது அந்தத் தொடுதலில்தான் தெரியும். இதைப் பிள்ளைகளுக்கு "பந்து உருளும்போது ஊரைப் பார், பந்தைத் தொடும்போது பந்தைப் பார்" என்று சொல்லிக்கொடுத்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிந்தது.

பயிற்சி இப்படி. மூன்று பேர் ஒரே கோட்டில், எட்டெட்டு மீட்டர் இடைவெளி. முனையில் இருப்பவர்களைக் குமார் முனை, செல்வா முனை என்று நீங்கள் எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நிற்பவன்தான் கற்றுக்கொள்பவன். முதல் வாரம் மட்டும், முதல் முனைக்காரன் பந்தைத் தயார் செய்ய ஒரு தடவை தள்ளும்போது நடுவில் இருப்பவன் பின்னால் திரும்பிப் பார்த்து, அங்கே நிற்பவன் காட்டும் விரல் எத்தனை என்று சொல்ல வேண்டும். இது பழக்கத்தைத் தொடங்கி வைக்கத்தான். ஒரு வாரத்துக்கு மேல் இதிலேயே இருந்தால் விரல் எண்ணுவது தனி விளையாட்டாகிவிடும்.

இரண்டாவது வாரத்தில் விரலை எடுத்துவிட்டு நான்காவது ஆளைக் கொண்டுவாருங்கள். அவன் நடுவில் இருப்பவனுக்குப் பின்னால் ஐந்து மீட்டர் தள்ளி நிற்பான். பந்து கிளம்புவதற்குச் சற்று முன் அவன் ஒன்று நெருங்கி வருவான், அல்லது அங்கேயே நிற்பான், எது என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. நெருங்கினால் ஒரே தொடுதலில் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நெருங்காவிட்டால் திரும்பி மறுமுனைக்கு ஆட வேண்டும். தப்பு செய்தால் தண்டனை ஏதும் வேண்டாம், பந்து பறிபோவதே போதுமான பாடம். மூன்றாவது வாரத்தில் அவன் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ நெருங்கட்டும், எந்தப் பக்கம் வருகிறானோ அதற்கு எதிர்ப்பக்கம் முதல் தொடுதலிலேயே பந்தை நகர்த்த வேண்டும்.

உடம்பு நிற்கிற கோணத்தையும் இங்கேயே திருத்திவிடுங்கள். பந்து கொடுப்பவனை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு முதுகுப் பக்கம் முழுக்க இருட்டு. ஒரு தோளைப் பின்னால் இழுத்துச் சாய்வாக நின்றால் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே பாதி மைதானம் தெரியும். வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு 15 நிமிடம். அரைமணி நேரம் இழுத்தால் கடைசிப் பத்து நிமிடம் யாரும் பார்ப்பதில்லை, வீடியோவில் எண்ணிப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

6. கோல்கீப்பருக்குத் தனியாக

பெனால்டி 11 மீட்டரிலிருந்து. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால் கோட்டுக்கு வர 0.4 நொடி. பெரியவர்களே பந்தைப் பார்த்த பிறகு பாய்ந்தால் எட்டாது. பிள்ளைகள் உதைப்பது அவ்வளவு வேகம் இல்லை, ஆனாலும் பழக்கம் இப்போதே வர வேண்டும்: உதைப்பவனின் ஊன்றிய காலும் இடுப்பும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பார்ப்பது. முதலில் பந்தே இல்லாமல், உதைப்பவன் ஓடிவந்து காலை ஊன்றியதும் நிற்கட்டும், கீப்பர் கையால் பக்கம் காட்டட்டும். அப்புறம் மெதுவான உதையோடு. டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பதும் கைக்கு நல்லதுதான், அது முதன்மைப் பயிற்சி அல்ல, இடையில் ஐந்து நிமிடம்.

7. மீதி நேரமெல்லாம் சின்ன ஆட்டம்

பயிற்சியின் பாதி நேரம் ஆட்டமாகவே இருக்கட்டும். பதினொருவர் ஆட்டத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குப் பந்து கிடைப்பதே அபூர்வம், மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு என்றால் முடிவெடுக்க வேண்டிய தருணம் நிமிடத்துக்கு நிமிடம் வரும். எனக்குப் பிடித்தது நான்கு சின்ன கோல் வைத்த ஆட்டம். 25க்கு 20 மீட்டர் இடம், ஒவ்வொரு அணிக்கும் இரு மூலையிலும் ஒவ்வொரு கோல். ஒரு பக்கம் ஆட்கள் குவிந்தால் மறுபக்க கோல் காலி. அதைக் கண்டவன் கோல் போடுவான், காணாதவன் கூட்டத்துக்குள் மோதுவான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. ரோண்டோ (சுற்றி நிற்பவர்கள் நடுவில் இருப்பவர்களிடம் சிக்காமல் பந்தைப் பாஸ் செய்யும் ஆட்டம்) ஆடினால் எட்டு மீட்டர் சதுரத்தில் நால்வருக்கு நடுவே இருவர். நடுவில் ஒருவன் மட்டும் என்றால் ரொம்பச் சுலபம், பார்க்காமலே ஆடிவிடுவார்கள்.

இந்தப் படியில் பெரிய கண்ணி நம் வாய்தான். "பாஸ் பண்ணு", "இடது பக்கம் பார்", "அடி, அடி" என்று ஓரத்தில் நின்று கத்தும்போது அந்தப் பிள்ளைக்குப் பதிலாக நாம் பார்க்கிறோம். நம் குரலுக்குக் காத்திருக்கப் பழகிவிட்டால் பிறகு தானாகப் பார்க்கவே மாட்டான். நான் ஒரு மாதம் ஆட்டம் நடக்கும்போது பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள், தடுமாறினார்கள், ஒருத்தி வந்து "கோவமா அண்ணா?" என்று கேட்டாள். மூன்றாவது வாரம் அவர்களே ஒருவரை ஒருவர் "மேன் ஆன்" (ஆள் நெருங்குகிறான்), "டைம் இருக்கு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது ஆட்டத்தை நிறுத்தியபின் ஒரே கேள்விதான் கேட்பேன்: "பந்து வர்றதுக்கு முன்னாடி என்ன பார்த்தே?" பதில் தப்பாக இருந்தாலும் திருத்துவதில்லை, அடுத்த தடவை அவனே பார்த்துவிட்டு வந்து சொல்வான்.

பெற்றோரிடமும் இதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். கை தட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், என்ன செய்வது என்று மட்டும் சொல்லக் கூடாது. ஒப்புதல் கடிதத்தின் கீழேயே இதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன், அதற்குப் பிறகு சண்டை குறைந்தது.

8. நாள், நேரம், ஓய்வு

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் 75 நிமிடம் போதும். பார்க்கும் பயிற்சியை உடம்பு களைக்கும் முன், வார்ம்-அப் முடிந்ததும் வையுங்கள். ஓட்டம், உடற்பயிற்சி எல்லாம் கடைசியில். ஏப்ரல், மே மாதங்களில் காலை 6 மணிக்குத் தொடங்கி 7:15க்குள் முடித்துவிடுங்கள், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர். சாயங்காலம் வைத்தால் வெளிச்சம் மங்கும் முன் நிறுத்துங்கள். மங்கலில் பந்தே சரியாகத் தெரியாதபோது சுற்றிலும் பார்க்கச் சொல்வது அநியாயம்.

6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இரவு 11 மணி வரை போன் பார்த்துவிட்டு வரும் பிள்ளையை அடுத்த நாள் காலை முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அப்புறம், 12, 13 வயதில் சிலர் திடீரென்று உயரம் போட்டு, தெரிந்த பந்தையே தடுமாறித் தொடுவார்கள். அது சில மாதத்துக்கு இருக்கும். அந்த நேரத்தில் அணியை விட்டு நீக்கிவிடாதீர்கள், பார்வைப் பழக்கம் அப்படியேதான் இருக்கும், கால் பிறகு வந்து சேரும். தலையால் முட்டும் பயிற்சி இந்த வயதுக்கு வேண்டாம். அமெரிக்காவில் 10 வயது வரை அதை நிறுத்தியே விட்டார்கள்.

ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் மறுபடி வீடியோ எடுத்து எண்ணுங்கள். ஆறாவது வாரத்தில் எண்ணிக்கை கூடியிருக்கும், ஆனால் பந்து பறிபோவது குறைந்திருக்காது. பார்க்கிறார்கள், பார்த்ததைப் பயன்படுத்தத் தெரியவில்லை. அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு அது ஒன்பதாவது, பத்தாவது வாரத்துக்கு மேல்தான் ஆட்டத்தில் தெரிந்தது.

9. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்

வயதுப் பிரிவு போட்டி எதுவானாலும் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், பெரும்பாலும் ஆதாரும் கேட்பார்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் போட்டிகள் என்றால் அவர்களுடைய சிஆர்எஸ் என்ற இணையப் பதிவில் கிளப் மூலமாகப் பிள்ளையின் பெயர் ஏற வேண்டும். தேசிய இளையோர் லீக் மட்டத்தில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதும் பார்ப்பார்கள், அதனால் வயதைக் குறைத்து எழுதும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நாங்கள் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். நான்கு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிப் பெயரைச் சேர்க்கலாம், ஆனால் பிறந்த ஊரில், பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். சென்னையில் வளரும் பிள்ளை திருவண்ணாமலையில் பிறந்திருந்தால் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்வர வேண்டும். இன்னும் இருவருக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், சான்றிதழில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். இதைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அந்த வருடப் போட்டியே போய்விட்டது. ஆகவே பிள்ளை சேர்ந்த அன்றைக்கே இரண்டின் நகலையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், வித்தியாசம் இருந்தால் அன்றே பெற்றோரிடம் சொல்லி, கோடை விடுமுறைக்குள் முடித்துத் தரச் சொல்லுங்கள்.